எல்லை மீறும் கட்டி

பாட்டியின் முதுகில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. பத்து ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது. தாத்தாவின் நாக்கு ஓரத்தில் துவரம்பருப்பு அளவே ஒரு தடிப்பு. வந்து இரண்டு மாதந்தான் ஆகிறது, வலியும் இல்லை. இவற்றுள் எதற்கு நாம் அஞ்ச வேண்டும்? பெரியதற்கு என்றுதானே சொல்லத் தோன்றுகிறது? மருத்துவரோ தாத்தாவைத்தான் முதலில் அழைப்பார்.

நம் உடலின் உயிரணுக்கள் ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகுகின்றன. தோலில் காயம் பட்டால் அந்த இடம் நிரம்பும் வரை பெருகிவிட்டு நின்றுவிடும். 'நில்' என்னும் கட்டளை பழுதுபட்டால், தேவையின்றிப் பெருகிக் கட்டியாகத் திரளும். (சீழ்க்கட்டி வேறு, அது கிருமிகளின் வேலை.) இதுவரை இருவகைக் கட்டிகளுக்கும் கதை ஒன்றே.

திருவரங்கம் கோயிலின் ஏழு மதில்களைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சுற்றுகளில் வீடுகளும் கடைகளும் எவ்வளவு நெருங்கினாலும் மதில் மதிலாகவே நிற்கிறது. சாதாரணக் கட்டியும் அப்படித்தான். பெரும்பாலும் அதைச் சுற்றி ஓர் உறை இருக்கும். வளரும்போது பக்கத்துத் திசுவைத் தள்ளுமே தவிர, உள்ளே புகாது. பாட்டியின் கொழுப்புக் கட்டியை விரலால் தள்ளினால் தோலுக்கடியில் நழுவும். புற்றுக்கட்டியோ மதிலைத் துளைத்துப் பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவுகிறது. அதனால் அது பல சமயம் கெட்டியாக, அசையாமல் இருக்கும்.

அதோடு நிற்பதில்லை. காவிரியில் மிதந்து வரும் ஆகாயத்தாமரையின் ஒரு துண்டு வாய்க்கால் வழியே போய் எங்கோ ஒரு குளத்தை மூடிவிடுகிறதல்லவா? அதுபோலப் புற்றணுக்கள் இரத்தத்திலும் நிணநீரிலும் மிதந்து சென்று நுரையீரலிலோ கல்லீரலிலோ எலும்பிலோ குடியேறுகின்றன. எங்கே குடியேறினாலும் பிறந்த ஊரின் பெயர்தான். மார்பகத்திலிருந்து எலும்புக்குப் போனது மார்பகப் புற்றே.

சாதாரணக் கட்டி எப்போதும் தீங்கற்றது என்று எண்ணிவிடாதீர்கள். மண்டையோடு விரியாத பெட்டி. அதற்குள் எந்தக் கட்டி வளர்ந்தாலும் அழுத்தம் ஏறி மூளை நசுங்கும். இது எளிய இயற்பியல்தான்.

விரலால் தொட்டு முடிவு கட்டவும் முடியாது. கட்டியில் சிறு துணுக்கை எடுத்து, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 200இல் ஒரு பங்கு கனத்தில் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். இதுவே 'பயாப்ஸி'. சாதாரணக் கட்டியின் அணுக்கள் தாய்த்திசுவின் அணுக்களைப் போலவே ஒழுங்காக இருக்கும். புற்றணுக்களில் உட்கரு பெருத்து, உருவம் கோணலாகி, பல அணுக்கள் ஒரே நேரத்தில் பிரிந்துகொண்டிருக்கும்.

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்று ஊரில் சொல்வார்கள். முறைப்படி செய்யும் சோதனைக்கு இந்த அச்சம் பொருந்தாது. இந்தப் பேச்சு செய்த கேடு கொஞ்சமல்ல. வெற்றிலையோடு புகையிலை போடும் தாத்தாவின் வாயில் மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணோ தடிப்போ இருந்தால், வலிக்கட்டும் என்று காத்திருக்கலாகாது. தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை.

நமக்கு அண்டை ஊரான புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புற்றுநோய்க்குத் தம் தங்கையைப் பறிகொடுத்தவர். அவருடைய முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கியது. புற்று என்றாலே மரணம் என்று பலரும் நம்பிய காலம் அது. நாக்கை விட்டு நகராத சிறு புற்றை இன்று அறுவையாலோ கதிர்வீச்சாலோ பெரும்பாலும் குணப்படுத்திவிடுகிறார்கள். கழுத்து நிணநீர்க் கணுக்களை எட்டிவிட்டாலோ, அதே நோய்க்குச் சிகிச்சை பல மடங்கு கடினமாகிறது.