அதிக வயதில் சாம்பியன்: ஆடியது எத்தனை ஆட்டம்?

டென்னிஸில் "அதிக வயதில் பட்டம் வென்றவர்கள்" என்ற பட்டியல் அடிக்கடி கண்ணில் படும். விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையரில் முதல் பெயர் ஆர்தர் கோர். 1909இல் வென்றபோது வயசு 41. இதைப் பார்த்துட்டு, ஃபெடரர் 36 வயசில் 2018 ஆஸ்திரேலிய ஓப்பன் ஜெயிச்சதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்கத் தோணும்.

ஆனா கோர் அந்த வருஷம் விம்பிள்டன் ஒற்றையரில் ஆடியது ஒரே ஒரு ஆட்டம்.

அப்போ அங்கே 'சேலஞ்ச் ரவுண்ட்' முறை இருந்தது. போன வருஷ சாம்பியன் காத்திருப்பார். மற்றவர்கள் சுற்றுச் சுற்றாக மோதி, கடைசியில் மிஞ்சுபவர் அவரைச் சந்திப்பார். 1922இல்தான் இதை எடுத்தாங்க. கோர்தான் 1908 சாம்பியன். அதனால் நேராக ரிட்சியோடு மோதினார். முதல் இரண்டு செட்டையும் இழந்து, அடுத்த மூன்றையும் 6-2, 6-2, 6-2 என்று எடுத்தார். 41 வயசில் அது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆனா ஃபெடரர் ஏழு ஆட்டம் ஜெயிக்க வேண்டியிருந்தது. கிலோவையும் பவுண்டையும் ஒரே காலத்தில் போட்டு வரிசைப்படுத்தின மாதிரிதான் இந்தப் பட்டியல்.

இதனால்தான் பலரும் 1968க்குப் பிந்தைய 'ஓப்பன் யுகத்தை' மட்டும் கணக்கில் எடுக்கிறாங்க. அதில் ஆண்கள் ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் சாதனை ஆஸ்திரேலியாவின் கென் ரோஸ்வாலுடையது: 1972 ஆஸ்திரேலிய ஓப்பன், 37 வயசு 2 மாசம். இறுதியில் தோற்ற மால் ஆண்டர்சனுக்கும் 36!

என் பார்வையில் ரோஸ்வாலின் பெரிய சாதனை அந்த 37 இல்லை. அவருடைய முதல் கிராண்ட் ஸ்லாம் பட்டம் 1953இல், 18 வயசில். முதலுக்கும் கடைசிக்கும் நடுவே 19 வருஷம். அதிலும், 1957 தொடக்கத்தில் காசுக்கு ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனதால், 1968 வரை அவரை கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் சேர்க்கவே இல்லை. நான் எண்ணிப் பார்த்தேன்: 45 போட்டிகள். 22 வயசிலிருந்து 33 வரை, ஒருத்தர் உச்சத்தில் இருக்கிற காலம் முழுக்க வாசலுக்கு வெளியே. கதவு திறந்ததும் வந்த முதல் கிராண்ட் ஸ்லாம், 1968 பிரெஞ்சு ஓப்பன். அதை அவர்தான் ஜெயிச்சார். 1974இல், 39 வயசில், விம்பிள்டன், யு.எஸ். ஓப்பன் இரண்டிலும் இறுதிக்குப் போனார். இரண்டிலும் 21, 22 வயசு ஜிம்மி கானர்ஸ் அவரை நொறுக்கிட்டார் என்பது வேறு கதை.

இரட்டையர் தனிக் கணக்கு. பாதி மைதானம்தான் பொறுப்பு, ஓட்டம் குறைவு. நம்ம ரோஹன் போபண்ணா 2024 ஆஸ்திரேலிய ஓப்பனை மேத்யூ எப்டனோடு வென்றபோது வயசு 43. அதோடு இரட்டையரில் உலகின் முதலிடமும் வந்தது. குடகுக்காரர். முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்துபோய், ஐயங்கார் யோகா செய்து மீண்டவர். இதை ரோஸ்வாலின் 37க்கு மேலே வைக்கவும் கூடாது, கீழே வைக்கவும் கூடாது.

பட்டப் பட்டியல் எதிலும் வராத ஒரு ஆட்டமும் இருக்கு. 2004 விம்பிள்டன், பெண்கள் ஒற்றையர் முதல் சுற்று. மார்ட்டினா நவ்ரத்திலோவாவுக்கு 47 வயசு, எதிரே கத்தலினா கஸ்டான்யோவுக்கு 24. ஸ்கோர் 6-0, 6-1. ஜெயிச்சது 47.