எழுத்தில்லாத மைல்கற்கள்

தில்லியிலிருந்து பானிபத், கர்னால் வழியாக அம்பாலா நோக்கிச் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர், கோதுமை வயல்களின் நடுவே தனித்து நிற்கும் செங்கல் தூண்களைக் காணலாம். அடிப்பகுதி எண்கோண வடிவிலும், மேற்பகுதி உருண்டையாகவும், மேலே செல்லச் செல்ல ஒடுங்கியும் இருக்கும். உயரம் ஏறக்குறைய 30 அடி. உள்ளே படிக்கட்டு கிடையாது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய கெட்டிக் கட்டுமானம். கோவிலின் பகுதியோ கோட்டையின் மிச்சமோ என்று பலர் எண்ணிக் கடந்துவிடுகின்றனர். உண்மையில் இவை முகலாயர் காலத்து மைல்கற்கள். ‘கோஸ் மினார்’ என்பது பெயர்.

கோஸ் என்பது வடமொழிக் ‘குரோச’த்தின் மரூஉ. இவ்வளவை இடத்துக்கு இடம் வேறுபட்டது. அக்பர் அதனை 5,000 கஜம் என வரையறுத்தார்; இன்றைய கணக்கில் நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆனால் தூண் நடும் வழக்கம் அவருக்கும் முந்தையது. 1528ஆம் ஆண்டிலேயே பாபர், ஆக்ராவிலிருந்து காபூல் வரையிலான வழியை அளந்து, ஒன்பது குரோ தொலைவுக்கு ஒரு தூண் எழுப்பவும், பதினெட்டு குரோவுக்கு ஒருமுறை ஆறு அஞ்சல் குதிரைகளை நிறுத்தவும் ஆணையிட்டார். அவர் மகன் ஹுமாயூனை வென்று 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர் ஷா, வங்காளத்திலிருந்து சிந்து நதி வரை நெடுவழியைச் சீர்செய்து, இரண்டு கோசுக்கு ஒரு சராய் அமைத்தார். வழிப்போக்கர் தங்கும் அந்தச் சத்திரங்களே அஞ்சல் நிலையங்களாகவும் விளங்கின. நம் பணப்பையில் இருக்கும் ரூபாய்க்கு மூலமான வெள்ளி நாணயத்தை வெளியிட்டவரும் இவரே. சாலையையும் நாணயத்தையும் ஒருவரே ஒழுங்குபடுத்தியது தற்செயல் அன்று. வணிகன் அஞ்சாமல் நடக்கச் சாலை வேண்டும். அவன் கைக்கு வருவது எங்கும் ஒரே எடையில் இருக்கவும் வேண்டும்.

அக்பர் ஆண்டுதோறும் அஜ்மீர் தர்காவுக்குச் சென்று வந்த காலத்தில், ஆக்ரா–அஜ்மீர் வழியில் கோசுக்கு ஒரு தூண் எழுந்தது. அரசர் வேட்டையாடிய மான்களின் கொம்புகள் அத்தூண்களில் பதிக்கப்பட்டன. அரசவையில் இருந்துகொண்டே அரசரைக் குறைகூறி மறைவாக வரலாறு எழுதிய பதாயூனிக்கு இது பிடிக்கவில்லை. இந்தச் செலவில் தோட்டங்களோ சத்திரங்களோ அமைத்திருக்கலாமே என்று குறித்து வைத்தார். வரிப்பணம் குறித்த இந்த முணுமுணுப்பு இன்றும் பழகிய குரல்தான்! 1619இல் ஜஹாங்கீர், ஆக்ரா முதல் லாகூர் வரை கோசுக்கு ஒரு தூணும், மூன்று கோசுக்கு ஒரு கிணறும் அமைக்க ஆணையிட்டபோது, பதாயூனியின் குறை ஓரளவு தீர்ந்தது எனலாம். பின்னர் வந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர், தில்லி–ஆக்ரா வழியின் மரவரிசையையும் தூண்களையும் கிணறுகளையும் பதிவு செய்துள்ளார்.

இத்தூண்களில் பெரும்பாலானவற்றில் ஊர்ப் பெயரோ எண்ணோ பொறிக்கப்படவில்லை. தூணைக் கண்டால் வழி தவறவில்லை என்று பொருள். எத்தனை தூண் கடந்தோம் என எண்ணினால் தொலைவு தெரியும். இதே 44ஆம் எண் நெடுஞ்சாலை தெற்கே வந்து தொடும் தருமபுரியில், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதியமான் பெருவழிக் கல் வேறு முறையைக் கையாள்கிறது. நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று எழுத்திலும் எண்ணிலும் பொறித்து, அருகில் இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் குடைந்திருக்கின்றனர். பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவரும், இருளில் விரலால் தடவிப் பார்ப்பவரும் தொலைவை அறியலாம். என் பார்வையில், மான் கொம்பு பதித்த தூணைவிட இக்கல்லே பயணியை நன்கு அறிந்தது.

ஆனால் கோஸ் மினார்களுக்கு இன்று வேறொரு பயன் உண்டு. பழைய வழியின் பெரும்பகுதி வயலாகவும் வீட்டுமனையாகவும் மாறிவிட்டது. இன்றைய சாலை பல இடங்களில் அதைவிட்டு விலகிச் செல்கிறது. நிற்கும் தூண்களைக் கோடிட்டு இணைத்தால்தான் அந்த வழி எங்கே சென்றது என்பது புலப்படும். தில்லி விலங்குக் காட்சிச் சாலைக்குள் ஒரு தூண் நிற்பதும் இதனால்தான். சாலை போய்விட்டது, தூண் இருக்கிறது. இடையில் ஒரு தூண் விழுந்தால் அவ்விடத்தில் வழியின் தடமும் அழிந்துவிடும்.

அப்படி அழிந்தவையும் உண்டு. எஞ்சியுள்ள தூண்களில் ஏறத்தாழ 50 ஹரியானாவில் உள்ளன. அவற்றுள் ஃபரீதாபாத்தை ஒட்டிய முஜேசரில் இருந்த 13ஆம் எண் தூண், பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தும், நகர வளர்ச்சியில் இருந்த இடம் தெரியாமல் மறைந்தது. 2024 மார்ச்சில் இந்தியத் தொல்லியல் துறை தன் பட்டியலிலிருந்து நீக்கிய 18 சின்னங்களுள் இதுவும் ஒன்று.

அருகில் குடியிருப்போரின் இடர்ப்பாட்டையும் மறுப்பதற்கில்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்ப இயலாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை உரிய அனுமதி பெற்றே கட்ட வேண்டும். தாஜ் மஹாலுக்கும் வயல் நடுவே நிற்கும் ஒற்றைத் தூணுக்கும் விதி ஒன்றே. ஒரு தூணைச் சுற்றி மட்டும் ஏழு ஏக்கருக்கும் மேலான நிலம் தடைக்குள் வருகிறது. சிறு விவசாயிக்குத் தூண் பகையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஒற்றைத் தூணுக்கு அளவான, ஆனால் மீற முடியாத எல்லை வகுத்தால் தூணும் தப்பும், நிலத்துக்கு உரியவரும் நிம்மதி பெறுவார் என்பது என் கருத்து.

சட்டம் மாறும்வரை, இத்தகைய இடங்களில் மனை வாங்கவோ வீட்டுக் கடன் பெறவோ எண்ணுவோர் பத்திரத்தோடு இதையும் சரிபார்ப்பது நல்லது. முன்பணம் கொடுக்கும் முன்னரே, மனையிலிருந்து தூணின் பாதுகாப்பு எல்லை எத்தனை மீட்டர் என அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரையின்பேரில் தடையின்மைச் சான்று வழங்குபவர் உரிய அதிகாரி.