அம்மாவின் ‘நல்வரவு’க்குக் கண்ணாடி போட்ட கதை

பிக்கரிங்கில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்தால், எதிர்ச்சுவரில் ஒரு ‘நல்வரவு’ தொங்கும். உங்கள் வீட்டிலும் ஒருகாலத்தில் இப்படி ஒன்று இருந்திருக்கும். வெள்ளைத் துணி, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பச்சைக்கிளி, நடுவில் சிவப்பு ரோசாக்கொத்து, அதற்குக் கீழே சிவப்பு நூலில் ஐந்து எழுத்து. அம்மா கலியாணத்துக்கு முதல், 1984-இல் இணுவில் வீட்டில் இருந்து தைத்தது.

அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகளுக்குத் தையல் பள்ளிக்கூடத்திலும் ஒரு பாடம், வீட்டிலும் ஒரு பாடம். உடுவிலில் 1824-இல் ஹரியட் வின்ஸ்லோ என்ற அமெரிக்க மிஷனரி பெண்களுக்கென்று விடுதிப் பாடசாலை தொடங்கிய நாளிலிருந்தே எழுத்தும் ஊசியும் யாழ்ப்பாணத்தில் கூடித்தான் வந்திருக்கின்றன. அம்மாவுக்கு இன்றைக்கும் தன் தையல் ரீச்சரின் குரல் ஞாபகம். “முன்பக்கத்தை ஊர் பாக்கும், பின்பக்கத்தை நான் பாப்பன்” என்பாவாம்.

1995 ஒக்டோபர் 30 இரவு. வலிகாமம் முழுக்க எழும்பி நடந்த இரவு. எனக்கு ஏழு வயது. சுவரில் இருந்த கண்ணாடிப் படத்தைக் காவிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடக்க ஏலாது. அப்பா பிரேமைக் கழற்றி, துணியை மட்டும் நாலாய் மடித்து, காணி உறுதியும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்த சொப்பிங் பைக்குள் வைத்தார். கண்ணாடி அங்கேயே நின்றுவிட்டது. துணி சாவகச்சேரிக்கு வந்தது, கொழும்புக்கு வந்தது, பிறகு ஸ்காபரோவுக்கும் வந்தது. மடிப்புக் கோடு மட்டும் அழியவில்லை. நடுவில் இருக்கும் ‘வ’ எழுத்தை வெட்டிக்கொண்டு போகிறது.

இவ்வளவு தூரம் தப்பி வந்த துணியைக் கெடுத்தது நான்தான்.

நான் செய்த பிழை

2016-இல் பிக்கரிங்கில் வீடு வாங்கினோம். குடிபூரலுக்கு முதல் நாள் அவசர அவசரமாக ஒரு பெரிய கடையில் ரெடிமேட் பிரேம் ஒன்று வாங்கினேன். துணியின் நாலு கரையையும் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பால் மட்டையில் ஒட்டினேன். மேலே கண்ணாடியை வைத்து அமத்தினேன். கதவுக்கு எதிரே, தெற்குப் பார்த்த ஜன்னல் வெளிச்சம் நேராக விழும் இடத்தில் கொழுவினேன். எல்லாம் இருபது நிமிட வேலை. வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

ஏழு வருடம் கழித்துச் சுவருக்குப் பெயின்ற் அடிக்கப் படத்தை இறக்கினபோதுதான் வடிவாகப் பார்த்தேன். சிவப்பு, வெளிறிய ரோஸ் நிறமாகிவிட்டிருந்தது. கிளியின் பச்சை சாம்பல் பூத்திருந்தது. கண்ணாடி துணியைத் தொட்ட இடத்தில் ஈரம் பிடித்துக் காய்ந்த வட்டம். கரையில் டேப் இருந்த இடமெல்லாம் மஞ்சள்.

நாள்தோறும் கடந்து போகிற ஒன்றின் நிறம் போவது கண்ணுக்குத் தெரியாது. அதுதான் இதில் பெரிய ஆபத்து.

பிக்கரிங்கிலேயே ஒரு சின்னக் கடை. படங்களுக்குக் கண்ணாடி போடுவது மட்டும்தான் அங்கே வேலை. கடைக்காரர் வயதானவர், தலையில் கட்டிய விளக்கோடு மேசையில் குனிந்தபடி வேலை செய்பவர். அவர் முதலில் கேட்ட கேள்வி, “எந்த நிற பிரேம் வேணும்?” என்பதல்ல. “இதை எங்கே தொங்கவிட்டிருந்தீர்கள்?”

நான் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

வெளிச்சத்துக்கு ‘அன்டூ’ இல்லை

நான் மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் தொழிலில் பிழை விட்டால் பின்னுக்குப் போகலாம். போன நிறத்தைத் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை என்று அவர் சொன்னபோது, எனக்கு அதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது.

துணிக்கு மிகப் பெரிய எதிரி வெளிச்சம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் சாயத்தையும் நூலையும் சேர்த்தே அரிக்கும். அதை மறிக்கிற கண்ணாடி இருக்கிறது. நல்ல வகை 99 சதவீதம் வரை மறிக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமும் நிறத்தைக் குடிக்கும். ஆகவே அந்தக் கண்ணாடியைப் போட்டுவிட்டு வெயிலில் கொழுவலாம் என்று நினைக்கக் கூடாது. அருங்காட்சியகங்களில் துணிகளுக்கு வைக்கிற வெளிச்சம் 50 லக்ஸ் அளவுதான். பகலில் ஜன்னலடியில் அது ஆயிரக்கணக்கில் போகும். ரொறன்ரோவில் துணிகளுக்கென்றே உள்ள டெக்ஸ்டைல் மியூசியத்துக்குப் போனால் ‘இதென்ன இவ்வளவு இருட்டு’ என்று நினைக்காதீர்கள். அந்த இருட்டுக்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது, கண்ணாடி துணியைத் தொடக் கூடாது. கனடாக் குளிரில் வெளிச்சுவர் குளிரும், வீட்டுக்குள் சூடு. கண்ணாடியின் உள்பக்கம் வியர்க்கும். துணி ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த ஈரத்தைக் குடித்துப் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மெல்லிய இடைவெளிப் பட்டி ஒன்று கரையோரம் மறைவாகப் போகும், அல்லது சுற்றிவர ஜன்னல் மாதிரி வெட்டிய தடித்த அட்டை அந்த இடைவெளியைத் தரும்.

மூன்றாவது, அந்த அட்டை. சாதாரண மட்டையில் அமிலம் இருக்கும். வருடம் போகப் போக அது தொட்ட இடத்தில் பழுப்புக் கோடு விழும். பழைய படங்களின் ஓரத்தில் தேயிலைச் சாயம் மாதிரி ஒரு கரை கண்டிருப்பீர்கள், அதுதான். அமிலமில்லாத அட்டை என்று கேட்டு வாங்கவேண்டும். பருத்தியில் செய்த அட்டை இன்னும் நல்லது.

நாலாவது, பசையும் டேப்பும் கூடவே கூடாது. துணியை அமிலமில்லாத பலகையில் விரித்து, கரைகளைப் பின்னுக்கு மடித்து, சப்பாத்துக் கயிறு கட்டுகிற மாதிரி நூலால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுவார்கள். கண்ணுக்குத் தெரியாத சின்னத் தையல்களால் பின்துணியோடு பிடிப்பதும் உண்டு. எப்படிச் செய்தாலும் விதி ஒன்றுதான். செய்த வேலை முழுவதையும் நாளைக்கு இன்னொருவர் அவிழ்க்கக் கூடியதாக இருக்கவேண்டும்.

ஒட்டாவாவில் 1972 முதல் இயங்கும் கனேடியன் கொன்சர்வேஷன் இன்ஸ்டிடியூட் என்ற அரச நிறுவனம் இதைப் பற்றி எளிய குறிப்புகளை இலவசமாக வெளியிடுகிறது. வாசித்துவிட்டுக் கடைக்குப் போனால் என்ன கேட்பது என்று தெரியும்.

வீட்டில் இருக்கும் மற்றப் பொருட்களுக்கும் இது பொருந்தும். தஞ்சாவூர் ஓவியத்தில் கல்லும் தங்கத் தகடும் மேலெழும்பி நிற்கும், கண்ணாடி அதில் முட்டக் கூடாது. சாமிப் படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பதென்றால் கண்ணாடிக்கு மேல் மட்டும் வையுங்கள், ஊதுபத்தியைக் கொஞ்சம் தள்ளிக் கொளுத்துங்கள். பழைய கலியாணப் படம் கண்ணாடியில் ஒட்டிப்போயிருந்தால் தயவுசெய்து உரிக்காதீர்கள். முகம் கண்ணாடியோடு போய்விடும். முதலில் கண்ணாடியோடேயே ஸ்கான் செய்யுங்கள். தையல் துணியை ‘ஒருக்கால் அலசிப்போட்டு’ கொண்டுபோகலாம் என்றும் நினைக்காதீர்கள். பழைய சிவப்பு நூல் தண்ணீர் பட்டால் சாயம் விடலாம்.

பின்பக்கம்

செலவு 310 டொலர் என்றதும் அம்மா கார் கதவைத் திறக்க மறுத்துவிட்டா. “ஒரு நல்வரவுக்கு முந்நூறு டொலரோ? உனக்கு விசரே தம்பி? அந்தக் காசுக்கு நான் புதுசா பத்துத் தைச்சுத் தருவன்.” அம்மாவின் கைவிரல்கள் இப்போது ஊசியில் நூல் கோர்க்க விடுவதில்லை. அது அவவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எப்படியோ சமாளித்துக் கடைக்குள் கூட்டிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் மெல்லிய தகடு ஒன்றால் டேப்பை அரை மணித்தியாலமாக இழை இழையாகக் கிளப்பினார். மட்டையிலிருந்து துணி கழன்றதும் அதைப் புரட்டி வைத்தார்.

பின்பக்கம் சிவப்பாக இருந்தது. 1984-இன் சிவப்பு. கிளி அப்படியே பச்சை.

வெளிச்சம் படாத பக்கத்தில் நிறம் தங்கும் என்று கடைக்காரர் சொன்னார். பிரான்சில் இருக்கும் புகழ்பெற்ற பேயோ துணியும் இப்படித்தானாம். 11-ஆம் நூற்றாண்டில் கம்பளி நூலால் தைத்த, கிட்டத்தட்ட 70 மீற்றர் நீளமான துணி அது. 1982-83-இல் அதன் பின்பக்கத்தைத் திறந்து ஆராய்ந்தபோது, முன்பக்கத்தைவிட அங்கே நிறங்கள் நன்றாக இருந்திருக்கின்றன.

அம்மா அதைக் கேட்கவில்லை. குனிந்து துணியையே பார்த்துக்கொண்டு நின்றா.

நானும் பார்த்தேன். இடது கிளியின் பின்பக்கம் துப்புரவாக இருந்தது. ஒரு முடிச்சில்லை, நூல் நுனிகள் எல்லாம் தையலுக்கு அடியில் செருகியிருந்தன. வலது கிளியின் பின்பக்கம் முழுக்க முடிச்சு, ஒரு இலையிலிருந்து அடுத்த இலைக்கு நூல் தாவிப் போயிருந்தது. ‘வு’ எழுத்து சிவப்பே இல்லை, மெரூன். முன்பக்கத்தில் இரண்டு கிளியும் ஒரு வித்தியாசம் இல்லாமல் இருந்தன.

“இது ரெண்டு பேர் தைச்சது” என்றார் கடைக்காரர். ஆங்கிலத்தில்தான் சொன்னார், ஆனால் அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

“வலது பக்கம் அக்கா தைச்சவ” என்றா அம்மா. “அவவுக்குப் பொறுமை இல்லை. முடிச்சுப் போட்டுப் போட்டு ஓடுவா. ரீச்சர் எத்தினை தரம் ஏசினவ.”

லண்டனில் இருக்கும் பெரியம்மாவும் அம்மாவும் கதைத்துப் பதினொரு வருடம். காரணம் அந்தச் சொப்பிங் பையில் வந்த இன்னொரு பொருள், காணி உறுதி. இணுவில் வீட்டை விற்பதா வைத்திருப்பதா என்று தொடங்கியது, பிறகு யார் என்ன சொன்னது என்று போய், கடைசியில் ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு மற்றவர் போகவில்லை. பல குடும்பங்களில் உள்ள கதைதான், விரிவாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் இவ்வளவு காலமும் ‘அம்மா தைத்த நல்வரவு’ என்றுதான் எனக்குத் தெரியும். பாதி பெரியம்மாவுடையது என்று ஒருவரும் சொன்னதில்லை.

கடைக்காரர் மூன்று கேள்வி கேட்டார். மடிப்புக் கோட்டை மெல்ல நீராவி காட்டிக் குறைக்கவா? கரையில் உள்ள மஞ்சளைத் தெரியாமல் மறைக்கவா? பின்னுக்கு ஒட்டுகிற சீட்டில் யார் பெயரைப் போடுவது? நல்ல கடைகளில் இப்படிக் கேட்பார்கள். யார் செய்தது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதிப் பின்பலகையில் வைப்பார்கள். அதில்லாவிட்டால் இரண்டு தலைமுறையில் அது ஆரோ தைத்த துணி.

அம்மா முதல் கேள்விக்கு, “மடிப்பு கிடக்கட்டும்” என்றா. இரண்டாவதுக்கு, “அது என்ர மோன்ர கெட்டித்தனம், மறைச்சு விடுங்கோ.” மூன்றாவதுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தா. பிறகு என் கையிலிருந்த பென்சிலை வாங்கித் தானே எழுதினா. மூத்தவவின் பெயர் முதலில், தன் பெயர் இரண்டாவதாக. இணுவில், 1984.

மூடுவதற்கு முதல் போனில் படம் எடுக்கச் சொன்னா. நான் துணியைத் திருப்பப் போனேன்.

“முன்பக்கம் வேண்டாம் தம்பி. பின்பக்கத்தை எடு. தன்ர முடிச்சை அவவுக்குத் தெரியும்.”

படத்தைப் பெரியம்மாவின் மகளுக்கு அனுப்பினேன். இரவு பத்து மணிக்குப் பதில் வந்தது. லண்டனில் அப்போது விடியப்புறம் மூன்று மணி. ஒரே ஒரு வரி, பெரியம்மா சொல்லச் சொன்னதாம்.

“முடிச்சு என்ரதுதான். ஆனா சிவப்பு நூலை முடிச்சுப்போட்டு மெரூன் போட்டது நானில்லை, அவ.”

அம்மா அதை வாசித்துவிட்டுப் போனை என்னிடம் தரவில்லை. “பொய்” என்றா. “நம்பரைத் தா, நானே சொல்லுறன்.”

‘நல்வரவு’ இப்போது வாசலுக்கு எதிரே இல்லை. வெயில் எட்டாத உள்சுவரில், மாடிப்படிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வருகிறவர்களுக்கு உடனே தெரியாது, நாங்கள்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டவேண்டும். உங்கள் அலுமாரிக்குள்ளும் மடித்துவைத்த துணி ஒன்று இருந்தால், கண்ணாடி போடக் கொண்டுபோகும்போது தைத்தவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பின்பக்கத்தைப் பற்றி அவர்களால்தான் சொல்ல முடியும்.