அக்டோபர் பனியை எவ்வளவு நம்பலாம்?

அக்டோபர் பின்பாதி வந்துவிட்டால் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒரு போட்டி ஆரம்பித்துவிடும். அரப்பஹோ பேசின், கீஸ்டோன், லவ்லேண்ட் ஆகிய பனிச்சறுக்கு ரிசார்ட்டுகளில் யார் முதலில் லிஃப்டை ஓட்டுவது என்பதுதான் போட்டி. எந்த வருடமானாலும் செய்திகளில் வரும் படம் ஏறக்குறைய ஒன்றுதான். மலை முழுக்கப் பழுப்பாக இருக்கும். நடுவில் சுண்ணாம்புக் கோடு இழுத்த மாதிரி ஒரே ஒரு வெள்ளைப் பாதை. அதில் ஆயிரக்கணக்கானவர்கள் நெருக்கியடித்துச் சறுக்கிக்கொண்டிருப்பார்கள். அங்குள்ளவர்கள் இதற்கு வைத்திருக்கும் கேலிப்பெயர் 'மரணத்தின் வெள்ளை ரிப்பன்'.

ரிசார்ட்டின் அறிவிப்பில் 'பனி ஆழம் 18 அங்குலம்' என்று இருக்கும். "18 அங்குலம்னா நல்ல பனிதானே, போலாமா?" என்று அந்தப் பக்கம் புதிதாகக் குடிபோன நண்பர்கள் என்னிடம் கேட்பார்கள். நான் பெரிய சறுக்கு வீரன் கிடையாது. வானிலைக் கணக்குகளைத் தோண்டிப் படிப்பதில் கொஞ்சம் பைத்தியம், அவ்வளவுதான். அப்படிப் படித்ததில் எனக்குப் புரிந்த விஷயம் இது: பருவத் தொடக்கத்தில் ஒரே மலையில் இரண்டு வேறு பனிகள் கிடக்கின்றன. ஒன்று மனிதன் செய்தது, இன்னொன்று வானத்திலிருந்து விழுந்தது. அறிவிப்பில் இருக்கும் எண் முதல் பனியைப் பற்றியது. உயிருக்கு ஆபத்தாவது இரண்டாவது பனி.

(இந்தக் கட்டுரையில் பனி என்று சொல்வதெல்லாம் ஸ்னோவைத்தான். நம்ம மார்கழிப் பனி இல்லை.)

முதல் பனி: செய்தது

செயற்கைப் பனி என்றால் ஏதோ ரசாயனம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது வெறும் தண்ணீர்தான். பெரிய பம்புகள் மலைமேல் நீரை ஏற்றும். அழுத்தக் காற்றோ ராட்சத மின்விசிறியோ அதை நுண்துளிகளாகச் சிதறடிக்கும். துளி தரைக்கு வருவதற்குள் உறைய வேண்டும்.

அது உறையுமா என்பதைச் சாதாரண வெப்பநிலை மட்டும் தீர்மானிப்பதில்லை. பார்க்க வேண்டியது ஈரக்குமிழ் வெப்பநிலை. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று வறண்டிருந்தால் பானை நன்றாகக் குளிரும், புழுக்கமான நாளில் அவ்வளவாகக் குளிராது. பனித்துப்பாக்கியிலிருந்து பறக்கும் துளிக்கும் இதே விதிதான். அதன் ஒரு பகுதி ஆவியாகி, மீதியைக் குளிர்விக்கிறது.

வழக்கமாக ஈரக்குமிழ் வெப்பநிலை மைனஸ் 2 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கினால் வேலையைத் தொடங்கலாம். காற்றின் வெப்பம் பிளஸ் 2 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையிலேயே பனி செய்துவிடலாம். அதுவே சரியாக 0 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் முடியாது. அதாவது குளிர் கூடுதலாக இருக்கும் ராத்திரியில் பம்பு சும்மா நிற்கும், கொஞ்சம் வெதுவெதுப்பான ராத்திரியில் ஓடும். கொலராடோ மலைகள் அக்டோபரிலேயே திறக்க முடிவதற்குக் காரணம் உயரம் மட்டும் இல்லை, வறண்ட காற்றும்தான். அரப்பஹோ பேசினின் அடிவாரமே 3,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ராத்திரி வானம் தெளிவாக இருந்தால் ஈரக்குமிழ் அளவு சட்டென்று இறங்கிவிடும்.

சரி, ஏன் ஒரே ஒரு பாதை? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோமீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் (அதுதான் அந்த 18 அங்குலம்) ஆழம் என்றால் 13,500 கனமீட்டர் பனி வேண்டும். செயற்கைப் பனி கனமானது. ஒரு கனமீட்டர் சுமார் 450 கிலோ இருக்கும். ஆக, தேவைப்படும் தண்ணீர் சுமார் 60 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரியில் கொண்டுவந்தால் 500 லாரி. இவ்வளவும் மைனஸ் 2 கிடைக்கும் சில ராத்திரிகளுக்குள் முடிய வேண்டும். அதனால்தான் கையில் இருக்கும் துப்பாக்கிகள் எல்லாவற்றையும் ஒரே பாதையில் குவிக்கிறார்கள்.

இந்தக் கனத்தில் ஒரு நன்மை உண்டு. அந்த மலைகளில் புதிதாக விழும் இயற்கைப் பனி பஞ்சு மாதிரி. ஒரு கனமீட்டர் 100 கிலோகூடத் தேறாது. அதில் 18 அங்குலத்தை உருக்கினால் மூன்று, நான்கு சென்டிமீட்டர் மழைக்குச் சமம். செயற்கைப் பனியில் அதே 18 அங்குலத்தை உருக்கினால் 20 சென்டிமீட்டர். எண் ஒன்றுதான், சரக்கு வேறு. வெள்ளைப் பாதை நவம்பர் வெயிலைத் தாங்கும். பக்கத்தில் விழுந்த பஞ்சு தாங்காது. அதன்மேல் சறுக்கினால் பலகை நேராகக் கல்லிலும் அடிமரத்திலும் போய் மோதும்.

பாதையில் ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது கூட்டத்தால் வரும் ஆபத்து. முதல் நாள் பழகுபவரும் தேர்ந்தவரும் ஒரே 30 மீட்டர் அகலத்தில் இறங்குகிறார்கள். மதியத்துக்குள் மேற்பரப்பு தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். காலையில் சீக்கிரம் போய்விட்டு, கூட்டம் ஏறும்போது இறங்கிவிடுவது நல்லது.

இரண்டாவது பனி: விழுந்தது

இனி கயிற்றுக்கு அந்தப் பக்கம். அக்டோபரில் இரண்டு மூன்று தடவை பனி பெய்யும். தெற்குச் சரிவில் விழுந்தது வெயிலில் கரைந்து போகும். வடக்கிலும் கிழக்கிலும், மர எல்லைக்கு மேலே நிழலில் விழுந்தது தங்கிவிடும். பார்க்க அழகாக இருக்கும். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கோடைச் சூட்டை வைத்திருக்கும் தரை, பனிக்கு அடியில் 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். தெளிவான ராத்திரியில் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு மைனஸ் 15 வரைகூடப் போகும். பனியின் ஆழம் 30 சென்டிமீட்டர்தான் என்றால், மீட்டருக்கு 50 டிகிரி என்ற விகிதத்தில் வெப்பம் மாறுகிறது. மீட்டருக்கு 10 டிகிரியைத் தாண்டினாலே பனித்துகள்களின் வடிவம் மாறத் தொடங்கிவிடும். கீழே இருக்கும் ஈரம் ஆவியாக மேலேறி, குளிர்ந்த துகள்களின்மேல் படியும். ஒன்றோடொன்று ஒட்டியிருந்த துகள்கள் பட்டை தீட்டிய கல் மாதிரி கோணங்களோடு, ஒட்டாமல் தனித்தனியாக வளரும். கையில் அள்ளினால் சீனி மாதிரி உதிரும். சர்க்கரைப் பனி என்றே அதற்குப் பெயர்.

இதே ராத்திரி, இதே குளிர், ஆனால் பனி ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் மீட்டருக்கு 10 டிகிரிதான் வரும். துகள்கள் பெரிதாகக் கெட்டுப்போகாது. ஆகவே பிரச்சினை குளிரால் மட்டும் வருவதில்லை. சீக்கிரம் கொஞ்சமாகப் பெய்துவிட்டு, பிறகு வாரக்கணக்கில் வானம் தெளிந்து கிடக்கிறதே, அதுதான் கெடுதல். அந்தச் சரிவுகளில் அக்டோபரில் பனியே விழாமல் இருந்திருந்தால்கூட நல்லது.

டிசம்பர், ஜனவரியில் பெரும்புயல் வந்து ஒரு மீட்டர் கெட்டியான பனி இந்தச் சர்க்கரைமேல் உட்காரும். சீனி பரப்பிய மேஜைமேல் கனமான பலகையைச் சாய்த்து வைத்த கதைதான். ஒரு ஆள் ஏறினால் போதும், மொத்தமும் கிளம்பிவிடும்.

2020-21 குளிர்காலம் அப்படித்தான் நடந்தது. பருவத் தொடக்கத்தின் வறண்ட வாரங்களில் அடிப்பனி கெட்டது. புயல்கள் பிறகு வந்தன. அந்தப் பருவத்தில் கொலராடோவில் மட்டும் 12 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். அமெரிக்கா முழுக்க 37 பேர்.

இது ரிசார்ட் எல்லைக்கு வெளியே உள்ள சங்கதி மட்டும் இல்லை. 2012 ஜனவரியில் வின்டர் பார்க் ரிசார்ட்டுக்கு உள்ளேயே பனிச்சரிவில் ஒருவர் இறந்தார். குடும்பத்தார் தொடுத்த வழக்கில் கொலராடோ உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்புச் சொன்னது. மாநிலத்தின் 1979-ஆம் ஆண்டுப் பனிச்சறுக்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எல்லைக்குள் நிகழும் பனிச்சரிவும் அந்த விளையாட்டோடு சேர்ந்தே வரும் ஆபத்துதான் என்பது தீர்ப்பு. அதாவது அந்த ஆபத்துக்காக ரிசார்ட்மேல் வழக்குப் போட்டு இழப்பீடு வாங்க முடியாது. டிக்கெட் வாங்கும்போது இதை யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை.

ரிசார்ட்டுகள் சும்மா இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெடிவைத்துப் பனியை முன்கூட்டியே சரியவிடுகிறார்கள். ஆஸ்பென் ஹைலண்ட்ஸில் இன்னும் எளிமையான ஒரு வழி உண்டு. பருவத் தொடக்கத்தில் ஆட்கள் வரிசையாக நின்று, செங்குத்தான ஹைலண்ட் பௌல் சரிவைக் காலாலேயே மிதித்து இறங்குகிறார்கள். நாள்கணக்கில் மிதிப்பவர்களுக்குக் கூலி, பருவச் சீட்டு. அவர்கள் கால் படும் இடத்தில் சர்க்கரைப் படலம் நொறுங்கி, மேல்பனியோடு கலந்து இறுகிவிடும். மலை முழுக்க இப்படி மிதிக்க முடியாது. கயிறு கட்டி மூடிய பகுதியில் இந்த வேலை முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

அப்போ, போலாமா?

போலாம். ஆனால் ஆழ எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எத்தனை பாதை திறந்திருக்கிறது என்று பாருங்கள். முந்தைய நான்கைந்து ராத்திரிகளில் வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் சேர்த்துப் பாருங்கள். பாதை எப்படி இருக்கும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கயிற்றுக்கு வெளியே தொடாத வெள்ளையைப் பார்த்து ஆசை வரும். அங்கே போகாதீர்கள். இன்னும் திறக்காத ரிசார்ட்டின் மேல் நடந்து ஏறுபவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். லிஃப்ட் ஓடாத, வெடி வைக்காத மலை, ரிசார்ட் பெயர்ப்பலகை இருந்தாலும் காட்டு மலைதான். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையம் வெளியிடும் முன்னறிவிப்பை முதலில் படியுங்கள். இலவசம்தான்.

அதோடு ஒரு சின்ன வேலை செய்து வைக்கலாம். அக்டோபர், நவம்பரில் எந்தச் சரிவுகளில் பனி தங்கியிருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஜனவரியில் மலை முழுக்க ஒரே வெள்ளையாக இருக்கும்போது, எந்தச் சரிவுக்கு அடியில் சர்க்கரை கிடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பழைய போட்டோவில் அது தெரியும்.