படிப்பும் ஒரு சேமிப்புதான்



போன மாதம் ஒரு குழுவின் கூட்டம் முடிந்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். எல்லோரும் எழுந்து போன பிறகும் ஓர் உறுப்பினர் மட்டும் உட்கார்ந்திருந்தார். பத்தாம் வகுப்பு தேறியவர். வயது 31. இரண்டு பிள்ளைகள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வை இரண்டு முறை எழுதியிருக்கிறார்.

"மேடம், புத்தகத்தை எடுத்தாலே நெஞ்சு படபடங்குது. ஒரு பக்கத்தை நாலு தடவ படிச்சாலும் மண்டையில ஏற மாட்டேங்குது. மூளை மழுங்கிடுச்சு போல. எல்லாப் புத்தகத்தையும் எடைக்குப் போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார்.

அவருடைய ஒரு நாளைக் கேட்டேன். காலை 5 மணிக்கு எழுந்திருக்கிறார். தண்ணீர், சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, பிறகு கூலி வேலை. இரவு எல்லோரும் தூங்கிய பின் 10 மணிக்குப் புத்தகத்தைத் திறக்கிறார். 12 மணி வரை படிக்கிறார். நடுவில் கடன் தவணை ஞாபகம். "இந்த வயசுல என்ன படிப்பு?" என்று பக்கத்து வீட்டில் சொன்ன பேச்சும் ஞாபகம். இப்படி இருந்தால் யாருக்குத்தான் மண்டையில் ஏறும்?

மூளை மழுங்கவில்லை, சகோதரிகளே. பயமும் களைப்பும் சேரும்போது இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலே மேலே வாங்கும். மனசு கவலையையே சுற்றி வரும். அந்த நேரத்தில் படித்தது நிற்காது. இது உடம்பின் இயல்பு. நம்முடைய குறை இல்லை.

இதற்கு வழி நம் குழுவிலேயே இருக்கிறது. குழு ஆரம்பித்தபோது நம்மில் யாராலும் மொத்தமாகப் பணம் போட முடியவில்லை. வாரா வாரம் சிறிய தொகையாகச் சந்தா கட்டினோம். கணக்கு எழுதினோம். அதுதான் இன்று உள்கடன் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. படிப்பையும் அப்படியே சேர்க்கலாம்.

1. சிறுகச் சேர்ப்போம்: நடு இரவில் 2 மணி நேரம் வேண்டாம். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி போதும். ஆனால் தினமும் வேண்டும். படித்தது மூளையில் நன்றாகப் பதியத் தூக்கம் வேண்டும். தூக்கத்தைக் குறைத்துப் படிப்பது ஓட்டை உண்டியலில் காசு போடுவது மாதிரி.

2. கணக்குப் பார்ப்போம்: படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தால் தெரிந்த மாதிரி இருக்கும், தேர்வில் வராது. புத்தகத்தை மூடிவிட்டு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள். மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை நினைவுபடுத்துங்கள். இன்று என்ன படித்தோம் என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். பக்கம் நிறைய நிறைய தைரியம் வரும்.

3. பெரியதைப் பிரிப்போம்: குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் 100 கேள்விகள் தமிழ்தான். தமிழில் 150-க்கு 60 எடுத்தால்தான் அடுத்த பகுதியையே திருத்துவார்கள். அதனால் தமிழில் தொடங்குங்கள். தரம் பத்தாம் வகுப்புதான். பிள்ளையின் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் வீட்டில் இருந்தால், அதுவே உங்கள் முதல் புத்தகம்.

4. வீட்டில் கேட்போம்: "யாரும் உதவ மாட்டேங்கிறாங்க" என்று மனசுக்குள் வைத்துக்கொண்டால் அதுவே பாரம். "சாயங்காலம் 7 மணியில இருந்து ஏழரை வரைக்கும் பிள்ளைகளப் பாத்துக்கங்க" என்று நேரம் சொல்லிக் கேளுங்கள். அந்த அரை மணி செல்போன் வேறு அறையில் இருக்கட்டும்.

5. படபடப்பு வந்தால்: புத்தகத்தை மூடுங்கள். மூக்கு வழியாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடுங்கள். பத்து முறை செய்யுங்கள். தேர்வு அறையிலும் இதைச் செய்யலாம். முதல் கேள்வி தெரியவில்லை என்றால் பயப்படாமல் அடுத்ததற்குப் போங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். ஆனால் எதையும் காலியாக விடக் கூடாது. விடை தெரியவே தெரியாது என்றால் அதற்கென்று ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு.

6. சேர்ந்து படிப்போம்: மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது. அங்கே இலவசப் பயிற்சி வகுப்பு நடக்கும். போய் விசாரியுங்கள்.

ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். 2025-ல் குரூப் 4 அறிவிப்பில் வந்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். நன்றாகப் படித்தவருக்கும் கிடைக்காமல் போகலாம். அது அவமானம் இல்லை. ஒரு தேர்வு நம் மதிப்பைச் சொல்லாது.

இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, அழுகை வருகிறது, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் மறைக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

அந்த உறுப்பினர் புத்தகங்களை எடைக்குப் போடவில்லை. அடுத்த கூட்டத்தில் தானே எழுந்து தன் நிலைமையைச் சொன்னார். குழுவினர் ஒரு தீர்மானம் எழுதினார்கள்: ஞாயிறுதோறும் மதியம் 3 முதல் 5 மணி வரை அவருடைய பிள்ளைகளை முறைவைத்து ஓர் உறுப்பினர் வீட்டில் பார்த்துக்கொள்வது. கடனுக்கும் சந்தாவுக்கும் எழுதுகிற அதே புத்தகத்தில், 14 பேரும் கையெழுத்துப் போட்டார்கள். "இப்ப ஒரு பக்கம் படிச்சா ஒரு பக்கம் நிக்குது மேடம்" என்று நேற்று சிரித்தார்.

உங்கள் குழுவிலும் யாராவது ராத்திரியில் தனியாகப் படித்துக்கொண்டிருக்கலாம். அடுத்த கூட்டத்தில் அவரிடம், "எத்தனை மார்க்?" என்று கேட்காதீர்கள். "உனக்கு எந்த நேரம் வேணும்?" என்று கேளுங்கள்.