ஜோத்பூர் வெயிலுக்கு என்ன குடிக்கலாம்?

மே மாதத்தில் ஜோத்பூர் போகிறேன் என்றால் யாரும் தடுக்கத்தான் செய்வார்கள். பகலில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கே சர்வசாதாரணம். அதே மார்வார் வட்டாரத்தின் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. போயே தீர வேண்டும் என்றால், பழைய நகரத்து மணிக்கூண்டுப் பக்கம் போங்கள். ‘கண்டாகர்’ என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

அங்கே சர்தார் மார்க்கெட் நுழைவாயிலில் இருக்கும் ஸ்ரீ மிஸ்ரிலால் ஹோட்டல், மக்கனியா லஸ்ஸிக்குப் பேர்போனது. நாம் பழகிய லஸ்ஸியை மறந்துவிடுங்கள். இதில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை. கெட்டித் தயிரில் சர்க்கரை, குங்குமப்பூ, ஏலக்காய் சேர்த்து மஞ்சளாக அடித்து, மேலே வெண்ணெய் வைத்துத் தருவார்கள். டம்ளரைச் சாய்த்தாலும் லேசில் வழியாது. ஸ்பூனால்தான் சாப்பிட வேண்டும். ஒரு டம்ளர் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம்.

ருசிக்குக் குறைவில்லை. ஆனால் தாகம் அடங்காது. அத்தனை இனிப்பும் வெண்ணெயும் உள்ளே போனால் அரை மணியில் மறுபடி தண்ணீர்தான் தேடுவீர்கள். தாகத்துக்கு வறுத்த சீரகப் பொடியும் கருப்பு உப்பும் போட்ட சாச், அதாவது மோர், இருக்கிறது. சுட்ட மாங்காயைக் கரைத்த கைரி பன்னாவும் அதே வேலையைச் செய்யும். வியர்வையில் போன நீரோடு உப்பையும் சேர்த்துக் கொடுப்பவை இவைதான். என் ஓட்டு மோருக்கு.

சாயங்காலம் குல்ஃபி. பாலைச் சுண்டக் காய்ச்சி, காற்று புகாமல் உறைய வைப்பதால் ஐஸ்கிரீமைவிட இறுக்கமாக இருக்கும், மெதுவாகத்தான் உருகும். பழைய முறைக் குல்ஃபிக்காரரின் பானைக்குள் ஐஸோடு உப்பும் கிடக்கும். உப்பு கலந்த ஐஸ் உருகும்போது பூஜ்ஜியத்துக்கும் கீழே குளிர்வதால், அச்சுக் குப்பிக்குள் இருக்கும் பால் மின்சாரம் இல்லாமலே உறைந்துவிடுகிறது.

ராப்டி கிடைத்தால் விடாதீர்கள். கம்பு மாவை மோரில் கரைத்துக் காய்ச்சி, புளிக்கவிட்டுக் குடிப்பது. நம் கம்பங்கூழுக்கு ஒன்றுவிட்ட தங்கை! வீட்டுச் சமையல் என்பதால் கடைகளில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

காசே கொடுக்காமல் கிடைப்பதும் ஒன்று உண்டு. தெருவோரம் மண்பானைகளோடு இருக்கும் ‘பியாவு’, தண்ணீர்ப் பந்தல். பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று எவ்வளவு வறண்டதோ, அவ்வளவு வேகமாக இது நடக்கும். புழுக்கமான சென்னையில் பானைத் தண்ணீர் சுமாராகத்தான் குளிரும். ஜோத்பூரில் ஜில்லென்று இருக்கும். புதிய ஊர்த் தண்ணீர் வயிற்றுக்கு ஆகாதவர்கள் மட்டும் மூடி உடைக்காத பாட்டிலோடு நிறுத்திக்கொள்ளலாம். வண்டியில் சீவித் தரும் ஐஸ் கோலாவுக்கும் இதே எச்சரிக்கைதான். ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்ததென்று யாருக்குத் தெரியும்?

பாதாம், சோம்பு, கசகசா, மிளகு, ரோஜா இதழ் அரைத்துப் பாலில் கலக்கும் தண்டாயும் நல்ல குளிர்ச்சி. இதில் கஞ்சா இலை அரைத்த ‘பாங்’ கலந்த வகையும் இருக்கிறது. ‘பாங் வேண்டாம்’ என்று முதலிலேயே சொல்லிவிட்டு வாங்குங்கள். குழந்தைகள் கூட வந்திருந்தால் இரண்டு தடவை சொல்லுங்கள்.