இரட்டைத் துடுப்பு அலைச்சறுக்குப் பலகை

இரட்டைத் துடுப்பு அலைச்சறுக்குப் பலகை என்பது, கடலலைகளின் மீது நின்று சறுக்கிச் செல்வதற்குப் பயன்படும் பலகை வகைகளுள் ஒன்றாகும். இதன் அடிப்பக்கத்தில், வாலுக்குச் சற்று முன்னால், நடுக்கோட்டின் இருபுறமும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துடுப்புகள் பொருத்தப்பட்டிருக்கும். இங்கே துடுப்பு என்பது படகு வலிக்கும் துடுப்பை அன்றி, மீனின் துடுப்பைப் போலப் பலகையின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டைக் குறிக்கின்றது.

இவ்வகைப் பலகை விரைவுக்கும் எளிதில் திரும்பும் இயல்புக்கும் பெயர் பெற்றது. செங்குத்தான பெரிய அலைகளில் வால் பிடிப்பை இழந்து வழுக்கிவிடுவது இதன் முக்கியமான குறை ஆகும். நடுக்கோட்டில் துடுப்பு இல்லாமையே இந்த நிறைக்கும் குறைக்கும் பொதுவான காரணம். இதனால், ஒன்றை இழக்காமல் மற்றதைக் கட்டுப்படுத்துவதே இப்பலகைகளை வடிவமைப்போரின் முதன்மைச் சிக்கலாக இருந்து வருகின்றது.

துடுப்பின் பணி

அலையின் முகப்பு ஒரு சாய்தளம் போன்றது. ஈர்ப்பு விசை பலகையைக் கீழ்நோக்கி இழுக்கின்றது. சறுக்குபவரோ, அலை முறியும் இடத்திலிருந்து விலகி, முகப்பின் குறுக்காகச் செல்ல வேண்டியுள்ளது. துடுப்பு இல்லாத பலகையின் வால் இந்நிலையில் எளிதாகக் கீழ்நோக்கி வழுக்கும். துடுப்பின் மீது நீர் சற்றுச் சாய்வாக மோதும்போது, வானூர்தியின் இறக்கையில் தோன்றுவது போன்ற தூக்குவிசை பக்கவாட்டில் உருவாகின்றது. வாலைப் பிடித்து நிறுத்துவது இவ்விசையே. அதேவேளை துடுப்பு நீரோட்டத்துக்குத் தடையாகவும் அமைவதால் விரைவு ஓரளவு குறைகின்றது. 1935 ஆம் ஆண்டில் ஹவாயின் வைக்கீக்கியில் டொம் பிளேக் என்பவர், கைவிடப்பட்ட விசைப்படகு ஒன்றின் ஏராவை எடுத்துத் தமது பலகையின் அடியில் பொருத்தினார். அலைச்சறுக்குப் பலகையில் துடுப்புப் பயன்பட்டமைக்கு இதுவே முதல் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

ஒற்றைத் துடுப்புப் பலகையில், நடுக்கோட்டில் ஆழமாக இறங்கும் ஒரு துடுப்பே முழுப் பிடிப்பையும் தருகின்றது. பலகையை ஒரு பக்கமாக நன்கு சாய்க்கும்போது அத்துடுப்பும் சாய்ந்து நீரின் மேற்பரப்பை அணுகுவதால் பிடிப்புக் குறைகின்றது. இரட்டைத் துடுப்பில், சாய்க்கப்படும் பக்கத்துத் துடுப்பு ஓரத்துக்கு அருகில் இருப்பதால் நீரினுள் நன்றாகப் பதிகின்றது. மறுபக்கத் துடுப்பு மேலெழுந்து இழுவையைக் குறைக்கின்றது. பலகையை மட்டமாக வைத்துச் செல்லும்போதோ, வாலின் கடைசியில் நின்று அதன் சுழற்சியைத் தடுக்கும் துடுப்பு எதுவும் இல்லை. எனவே சிறிய கால் அழுத்தத்துக்கே வால் திரும்புகின்றது. மிகையாக அழுத்தினால் வழுக்குவதும் இதனாலேயே.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த பொப் சிம்மன்ஸ், விரைவுப் படகுகளின் அடிப்பகுதி பற்றிய கோட்பாடுகளைப் பலகைகளில் புகுத்தியவர். இவர் 1940களின் இறுதியில், அகன்ற வாலின் இரு மூலைகளிலும் துடுப்புகளைக் கொண்ட பலகைகளைச் செய்தார். அகன்ற வாலில் நடுத்துடுப்பு மட்டும் இருந்தால், பலகையைச் சாய்க்கும்போது அது நீரிலிருந்து வெளிவந்துவிடும் என்பதே இரண்டு துடுப்புகளின் தேவைக்குக் காரணம். சிம்மன்ஸ் 1954 ஆம் ஆண்டில் அலைச்சறுக்கின்போது இறந்தார்.

1967 ஆம் ஆண்டில் சான் டியாகோவைச் சேர்ந்த ஸ்டீவ் லிஸ், முழங்காலிட்டுச் சறுக்குவதற்காக ஒரு குட்டையான பலகையை உருவாக்கினார். அகன்ற உடலும், பிளவுபட்ட வாலும், இரண்டு தாழ்ந்த நீண்ட துடுப்புகளும் கொண்ட இப்பலகை, அதன் தோற்றம் கருதி "மீன்" எனப் பெயர் பெற்றது. பின்னர் நின்று சறுக்குவோரும் இதனைப் பயன்படுத்தத் தொடங்கினர்.

1976 ஆம் ஆண்டில் ஹவாயைச் சேர்ந்த ரெனோ அபெலிரா, 5 அடி 3 அங்குல நீளமே உள்ள இவ்வகைப் பலகை ஒன்றை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்தார். அதனைக் கண்ட ஆஸ்திரேலியரான மார்க் ரிச்சர்ட்ஸ், மறுஆண்டில் போட்டிகளுக்கு ஏற்றவாறு நீளமும் கூர்மையும் கூடிய இரட்டைத் துடுப்புப் பலகையை உருவாக்கினார். உயரமும் எடையும் மிகுந்த அவருக்குச் சிறிய, வலிமையற்ற அலைகளில் ஒற்றைத் துடுப்பு பின்னடைவாக இருந்தது. புதிய பலகை இக்குறையை நீக்கியது. அவர் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் உலக வாகையர் பட்டத்தை வென்றார். எனினும் பெரிய அலைகளில் அவரும் ஒற்றைத் துடுப்புப் பலகைகளையே பயன்படுத்தினார் என்பது குறிப்பிடத்தக்கது.

துடுப்புகளின் அமைப்பு

இரட்டைத் துடுப்புகளில் இரண்டு முதன்மை வடிவங்கள் உள்ளன. முதலாவது, படகின் ஏராவை ஒத்த வடிவம். இதன் அடிப்பகுதி ஏறத்தாழ 20 சதமமீட்டர் அளவுக்கு நீண்டும், ஆழம் குறைந்தும் இருக்கும். நீண்ட அடிப்பகுதி நீரைத் தள்ளி முன்செல்ல உதவுவதால், இப்பலகைகள் அகன்ற, நீண்ட வளைவுகளில் விரைவை இழப்பதில்லை. ஆனால் குறுகிய இடத்தில் சட்டென்று திரும்புவது கடினம். இரண்டாவது, ரிச்சர்ட்ஸ் பயன்படுத்தியது போன்ற நிமிர்ந்த வடிவம். இதில் அடிப்பகுதியும் ஆழமும் ஏறத்தாழச் சமமாக, 13 அல்லது 14 சதமமீட்டர் அளவில் இருக்கும். இது விரைவாகத் திரும்பக்கூடியது.

துடுப்புகளைப் பொருத்தும் முறையும் பலகையின் இயல்பை மாற்றுகின்றது:

இடம்: துடுப்புகளை முன்னோக்கி நகர்த்தினால் பலகை எளிதாகத் திரும்பும், பிடிப்புக் குறையும். வாலை நோக்கி நகர்த்தினால் பிடிப்புக் கூடும், திரும்புவது தாமதமாகும்.

உட்திருப்பம்: துடுப்புகளின் முன்விளிம்புகள் பலகையின் மூக்கை நோக்கிச் சற்று உள்நோக்கித் திருப்பப்பட்டிருக்கும். இக்கோணம் கூடினால் பலகை திருப்பங்களில் விரைந்து இயங்கும். ஆனால் நேராகச் செல்லும்போது இழுவை மிகும். ஏரா வடிவத் துடுப்புகள் பெரும்பாலும் நடுக்கோட்டுக்கு ஏறக்குறைய இணையாகவே வைக்கப்படுகின்றன.

வெளிச்சாய்வு: செங்குத்தாக நிற்கும் துடுப்பு நேரோட்டத்தில் விரைவைத் தருகின்றது. வெளிப்புறம் சாய்ந்த துடுப்பு, பலகை சாயும்போது நீரைப் பிடித்து வளைவை இலகுவாக்குகின்றது.

குறுக்குவெட்டு: வழக்கமாக உட்புறம் தட்டையாகவும் வெளிப்புறம் குவிந்தும் இருக்கும். இருபுறமும் குவிந்த துடுப்புகள் மென்மையாக ஓடுகின்றன.

பலகையின் வடிவம்

இரட்டைத் துடுப்புப் பலகைகளின் வால் பொதுவாக அகலமானது. அகன்ற வால் நீரின் மேல் விரைவாக எழுந்து மிதப்பதால், வலிமை குறைந்த அலையிலும் விரைவு கிடைக்கின்றது. ஆனால் அகன்ற வாலைச் சாய்ப்பது கடினம். தகைவிலான் குருவியின் வாலைப் போன்ற பிளவு இதற்குத் தீர்வாகின்றது. மட்டமாகச் செல்லும்போது முழு அகலமும் பயன்படுகின்றது. சாய்க்கும்போது ஒரு முனை மட்டும் நீரில் பதிந்து, குறுகிய வாலைப் போல் செயற்படுகின்றது. சில பலகைகளில் துடுப்புகளின் அருகே ஓரத்தில் சிறு படி ஒன்றை வெட்டி வாலின் அகலத்தைத் திடீரெனக் குறைப்பதும் உண்டு. இது "இறக்கை" எனப்படுகின்றது.

பலகையைப் பக்கவாட்டில் பார்க்கும்போது தெரியும் வளைவு குறைவாக இருந்தால் விரைவு கூடும். ஆனால் செங்குத்தான அலையில் மூக்கு நீரில் குத்தும் இடர் உண்டு. அடிப்பக்கத்தில் ஆழமான உட்குழிவு இருந்தால் தூக்குவிசை மிகுந்து, ஏற்கனவே இளகிய வால் மேலும் நிலையற்றதாகும். எனவே பலர் துடுப்புகளுக்கு இடையில் நடுக்கோடு சற்றுப் புடைத்து இருபுறமும் சரியும் வடிவத்தைக் கையாளுகின்றனர். இது வாலை நீரில் சற்றுத் தாழ்த்துவதுடன், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்வதையும் எளிதாக்குகின்றது.

கட்டுமானம்

வழக்கமான முறையில், நடுவே மெல்லிய மரச்சட்டம் ஒட்டப்பட்ட பாலியூரிதேன் நுரைப் பாளம் விரும்பிய வடிவத்துக்குச் செதுக்கப்படுகின்றது. பின்னர் கண்ணாடியிழைத் துணி போர்த்திப் பாலியெஸ்டர் பிசின் பூசப்படுகின்றது. துணி பெரும்பாலும் சதுர யாருக்கு 4 அல்லது 6 அவுன்சு எடையுள்ளது. இவை சதுர மீட்டருக்கு முறையே ஏறத்தாழ 135, 200 கிராம் ஆகும். தடித்த துணி பலகைக்கு வலிமையையும் எடையையும் சேர்க்கின்றது. எடை கூடிய பலகை தொடங்கிய விரைவைத் தக்கவைத்து, கலங்கிய நீரிலும் சீராக ஓடும். இதனால் ஏரா வடிவத் துடுப்புடைய மீன் பலகைகள் சற்றுக் கனமாகச் செய்யப்படுவதுண்டு.

விரிவாக்கப்பட்ட பாலிஸ்டைரீன் நுரையும் எப்பாக்சிப் பிசினும் கொண்ட பலகைகள் எடை குறைந்தவை. இவை சிறிய அலைகளில் உடனடியாக விரைவு பெறும். காற்று வீசிச் சிற்றலைகள் எழும் நாட்களில் துள்ளும் இயல்புடையவை.

துடுப்புகளைக் கண்ணாடியிழையும் பிசினும் கொண்டு பலகையுடன் நிலையாக ஒட்டலாம். அல்லது பலகையில் பதித்த பெட்டிகளில் கழற்றி மாட்டலாம். முதல் முறையில் இணைப்பு உறுதியானது. ஆனால் துடுப்பு உடைந்தால் பலகையும் சேதமடையும். 1990களில் பரவலான இரண்டாம் முறை, ஒரே பலகையில் வெவ்வேறு துடுப்புகளை மாற்றிப் பார்க்க வழி செய்தது.

குறைகளும் மூன்றாம் துடுப்பும்

ரிச்சர்ட்ஸ் வென்றுகொண்டிருந்த காலத்தில், அவருடைய நாட்டினரான சைமன் அண்டர்சனால் இரட்டைத் துடுப்புப் பலகையுடன் ஒத்துப்போக முடியவில்லை. பெரிய உடலும் வலிமையான சறுக்கு முறையும் கொண்ட அவரது கால் அழுத்தத்தைத் தாங்காமல் வால் வழுக்கியது. சிறிய அலைகளில் ஒற்றைத் துடுப்பைக் கொண்டு போட்டியிடவும் இயலவில்லை. இந்நெருக்கடியில், 1980 ஆம் ஆண்டின் இறுதியில், இரு பக்கத் துடுப்புகளுடன் வாலின் நடுவே மூன்றாவது துடுப்பு ஒன்றையும் சேர்த்து, அப்பலகைக்குத் "திரஸ்டர்" எனப் பெயரிட்டார். 1981 ஆம் ஆண்டில் பெரிய அலைகள் எழுந்த பெல்ஸ் கடற்கரைப் போட்டியிலும், அவ்வாண்டின் இறுதியில் ஹவாயின் பைப்லைன் போட்டியிலும் இப்பலகை மூலம் வெற்றி பெற்றார். ரிச்சர்ட்ஸ் 1981, 1982 பட்டங்களைத் தக்கவைத்துக்கொண்ட போதிலும், 1980களின் நடுப்பகுதிக்குள் போட்டிகளில் மூன்று துடுப்புகளே வழக்கமாகிவிட்டன.

மூன்றாம் துடுப்பு வழுக்குவதைத் தடுத்தது. அதற்கு ஈடாக இழுவை கூடியது. அலை வலிமை குறைந்த இடங்களில், விரைவைத் தக்கவைக்கச் சறுக்குபவர் பலகையை ஓயாது அசைத்துத் தள்ள வேண்டியதாயிற்று.

தற்காலப் பயன்பாடு

போட்டிகளுக்கு வெளியே இரட்டைத் துடுப்பு முற்றாக மறையவில்லை. 1990களிலிருந்து மீன் பலகைகள் மீது மீண்டும் ஆர்வம் தோன்றியது. இன்று பல நீளங்களில் இரட்டைத் துடுப்புப் பலகைகள் செய்யப்படுகின்றன. சிலவற்றில் நடுக்கோட்டில் மிகச் சிறிய துடுப்பு ஒன்றை விரும்பும்போது மாட்டிக்கொள்ள இடம் விடப்பட்டுள்ளது. இச்சிறு துடுப்பு, திரும்பும் இயல்பைப் பெரிதும் குறைக்காமல் வாலுக்குச் சிறிது பிடிப்பைத் தருகின்றது.

சிறியது முதல் நடுத்தரம் வரையான அலைகளும், நீண்டு செல்லும் சாய்வான அலைமுகப்புகளும் இப்பலகைக்கு மிகப் பொருத்தமானவை. திரஸ்டருக்குப் பழகியவர்கள் இதற்கு மாறும்போது, பின்காலால் வலிந்து உதைப்பதைத் தவிர்த்து, பலகையின் ஓரத்தை நீரில் பதித்துத் திரும்பக் கற்றுக்கொள்ள வேண்டியுள்ளது. நடுத்துடுப்பு செய்துவந்த வேலையின் ஒரு பகுதியை இங்கு ஓரமே செய்கின்றது.